பிலடெல்பியாவைக் குறைந்த செலவில் சுற்றிப் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனம் நிறைவேறிய அறைக்குள் நின்று பார்க்க ஆகும் செலவு ஒரு டாலர். அதுவும் நுழைவுக் கட்டணம் இல்லை, இணையத்தில் நேரம் பதிவு செய்வதற்கான கட்டணம். லிபர்ட்டி பெல் என்ற அந்தப் புகழ்பெற்ற மணிக்கு அந்த ஒரு டாலரும் கிடையாது. இது தெரியாமல் நிறைய பேர் நியூயார்க்கில் மூன்று நாள், வாஷிங்டனில் இரண்டு நாள் என்று தங்கிப் பணத்தைச் செலவழித்துவிட்டு, நடுவில் இருக்கும் பிலடெல்பியாவை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்தபடியே கடந்து போய்விடுகிறார்கள். எனக்கு அது ரொம்ப வருத்தமான விஷயம், அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நான் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை ஊரிலிருந்து வந்திருந்த அம்மா அப்பாவோடு காரில். இரண்டாவது முறை மனைவியோடு பஸ்ஸில். மூன்றாவது முறை தனியாக, இரண்டு நாள். முதல் பயணத்தில்தான் செலவு அதிகம், பார்த்தது குறைவு. இந்த ஊரில் பார்க்கும் இடங்களுக்குப் பணம் போவதில்லை, காருக்கும் படுக்கைக்கும்தான் போகிறது. அந்த இரண்டையும் சரியாக முடிவு செய்துவிட்டால் மீதி எல்லாம் நடைதான்.

முதலில் தேதி, உடனே டிக்கெட்

மார்ச் கடைசியிலிருந்து மே வரையும், செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரையும் நடப்பதற்கு நல்ல காலம். ஜூலையில் வெயிலும் புழுக்கமும் சேர்ந்து ஆளை வாட்டும், ஜூலை 4ஐ ஒட்டி அறை வாடகையும் எகிறும். 2026 அந்தப் பிரகடனத்தின் 250ஆம் ஆண்டு என்பதால் அந்தக் கோடைக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். குளிர் தாங்குவீர்கள் என்றால் ஜனவரி, பிப்ரவரியை யோசியுங்கள். அறை மலிவு, வரிசை இல்லை, அந்த ஒரு டாலர் அறை இருக்கும் இன்டிபென்டன்ஸ் ஹாலுக்குப் பெரும்பாலும் முன்பதிவே தேவைப்படாது.

மற்ற மாதங்களில் இன்டிபென்டன்ஸ் ஹாலுக்கு நேரம் குறித்த டிக்கெட் வேண்டும். தேசியப் பூங்காக்களுக்கு முன்பதிவு செய்யும் அரசு இணையதளத்தில் தலைக்கு ஒரு டாலர். இதே டிக்கெட்டை வேறு சுற்றுலாக்களோடு சேர்த்துப் பல மடங்கு விலைக்கு விற்கும் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும், அங்கே கார்டு எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். நாள் முடிவானதும் பஸ், ஹோட்டல் எதையும் தொடுவதற்கு முன் இந்த டிக்கெட்டை எடுத்துவிடுங்கள். காலை 9 மணியிலிருந்து 10 மணிக்குள் கிடைத்தால் அதுதான் சிறந்தது, ஏனென்றால் அன்றைய நாள் முழுவதையும் அந்த நேரத்தைச் சுற்றித்தான் அமைக்கப் போகிறோம். இடம் இல்லை என்று காட்டினால் விட்டுவிட வேண்டாம், யாராவது ரத்து செய்தால் திரும்ப வரும், அடிக்கடி திறந்து பாருங்கள்.

போய்ச் சேருவது

நியூயார்க்கிலிருந்து பஸ்தான் மலிவு, நெரிசல் இல்லாவிட்டால் இரண்டு மணி நேரம். வார நாளில், முன்னதாக எடுத்தால் ஒருவருக்கு ஒரு வழிக்கு 15, 20 டாலரில் முடியும். ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள். பிலடெல்பியாவில் பஸ்கள் நிற்கும் இடம் சமீப வருடங்களில் மாறி மாறி வந்திருக்கிறது, அதனால் நண்பர் சொன்ன இடத்தை நம்பாமல் உங்கள் டிக்கெட்டில் இருக்கும் முகவரியைப் பாருங்கள்.

ரயில்தான் வேண்டும், ஆனால் ஆம்ட்ராக் (நெடுந்தூர ரயில் நிறுவனம்) விலை கட்டுப்படியாகவில்லை என்றால் ஒரு பழைய வழி இருக்கிறது. நியூயார்க் பென் ஸ்டேஷனிலிருந்து நியூஜெர்சி டிரான்சிட் ரயிலில் டிரென்டன் வரை போய், அங்கே இறங்கி பிலடெல்பியாவின் பொதுப் போக்குவரத்து நிறுவனமான செப்டாவின் ரயிலில் ஏறினால் நேராக பிலடெல்பியா நடு ஊருக்குக் கொண்டுபோய் விடும். இரண்டு டிக்கெட்டும் சேர்த்து சுமார் 30 டாலர், முன்பதிவு தேவையில்லை, கடைசி நிமிடத்தில் போனாலும் அதே விலை. நியூஜெர்சியில் எடிசன், மெட்ரோபார்க் பக்கம் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது, பாதி வழியில் ஏறுவதால் டிக்கெட்டும் குறையும். விமானத்தில் வந்தால் நிலையத்திலிருந்தே செப்டா ஏர்போர்ட் ரயில் இருக்கிறது, அரை மணிக்குள் நடு ஊர். டாக்ஸிக்கு இதைவிடப் பல மடங்கு ஆகும்.

கார் வேண்டாம் என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அம்மா அப்பாவோடு போனபோது மணி இருக்கும் இடத்துக்கு அருகிலேயே ஒரு கார் நிறுத்துமிடத்தில் விட்டேன். வாசல் பலகையில் பெரிய எழுத்தில் இருந்தது முதல் அரை மணிக்கான விலை. மாலையில் வண்டியை எடுக்கும்போது 40 டாலருக்கு மேல் கேட்டார்கள். அந்தப் பணத்தில் மூன்று பேரும் மதியம் நன்றாகச் சாப்பிட்டிருக்கலாம். கார் எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூஜெர்சியில் ஏதாவது ஒரு பாட்கோ ரயில் நிலையத்தில் விட்டுவிட்டு, ரயிலில் எட்டாவது தெரு வரை வந்துவிடுங்கள்.

தங்குவது

ஒரு நாளில் பார்த்துவிட்டுத் திரும்ப முடியும், ஆனால் ஒரு இரவு தங்கினால் இந்த ஊர் வேறு மாதிரித் தெரியும். தனியாகவோ நண்பரோடோ போனால் ஓல்ட் சிட்டியில் ஹாஸ்டல் படுக்கை எடுக்கலாம், எல்லாப் பழைய இடமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும். குடும்பமாகப் போனால் செர்ரி ஹில் போன்ற நியூஜெர்சி பக்கத்து ஊர்களின் ஹோட்டல்கள் மலிவு, வண்டி நிறுத்தவும் பெரும்பாலும் காசு கேட்பதில்லை. ஆனால் பாட்கோ நிலையம் எவ்வளவு தூரம் என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். ஊருக்குள் ஹோட்டல் எடுத்தால் காட்டும் விலைக்கு மேல் 15 சதவீதத்தைத் தாண்டிய வரி சேரும், கடைசிப் பக்கத்தில் வரும் தொகையை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

பெட்டியோடு வருபவர்கள் அதை முதலில் அறையில் விட்டுவிட வேண்டும். இன்டிபென்டன்ஸ் ஹாலுக்குள் போகப் பாதுகாப்புச் சோதனை உண்டு, பெரிய பெட்டிகளோடு விட மாட்டார்கள். கையில் சின்னப் பை போதும்.

வரைபடம் இல்லாமல் நடக்க

இதைத் தெரிந்துகொண்டால் போனையே எடுக்க வேண்டியிருக்காது. 1682இல் வில்லியம் பென் இந்த ஊரைக் கட்டம் கட்டமாக வகுத்தார். வடக்கு தெற்காகப் போகும் தெருக்களுக்கு எண், கிழக்கு மேற்காகப் போகும் பல தெருக்களுக்கு மரப் பெயர்கள்: செஸ்ட்நட், வால்நட், ஸ்ப்ரூஸ், பைன். கிழக்கே டெலாவேர் ஆற்றை ஒட்டி ஃப்ரண்ட் ஸ்ட்ரீட், அதுதான் ஒன்றாவது தெரு. அங்கிருந்து மேற்கே நடக்க நடக்க எண் கூடும், பதினான்காவது இருக்க வேண்டிய இடத்தில் பிராட் ஸ்ட்ரீட், அதன் நடுவில் சிட்டி ஹால். கதவு எண்ணும் இதே கணக்குத்தான். செஸ்ட்நட் தெரு 520 என்றால் ஐந்தாவது தெருவுக்கும் ஆறாவது தெருவுக்கும் நடுவில். அதுதான் இன்டிபென்டன்ஸ் ஹாலின் முகவரி.

நடக்க முடியாத தூரத்துக்கு செப்டா. பஸ், சப்வே, டிராலி எல்லாவற்றிலும் தட்டிச் செலுத்தும் வங்கி கார்டே போதும், ஒரு பயணம் சுமார் 3 டாலர். கிழக்கு மேற்காக மார்க்கெட் தெருவுக்கு அடியில் ஓடும் எல் என்ற மெட்ரோ ரயிலில் ஐந்தாவது தெரு நிலையத்தில் ஏறினால் பதினொன்றாவது தெருவில் மதியம் சாப்பிடப் போகும் சந்தை, பதினைந்தாவது தெருவில் சிட்டி ஹால், முப்பதாவது தெருவில் ஆம்ட்ராக் நிலையம்.

முதல் நாள் காலை: ஒரு டாலர் அறை

டிக்கெட் நேரத்துக்கு அரை மணி முன்பே சோதனை வாசலுக்குப் போய்விடுங்கள். ரேஞ்சர் (தேசியப் பூங்கா ஊழியர்) ஒருவர் குழுவாக அழைத்துப் போவார். முதலில் பழைய நீதிமன்ற அறை, அப்புறம் எதிரே இருக்கும் அசெம்பிளி அறை. பச்சைத் துணி விரித்த மேசைகள், மரக் குச்சிகளால் முதுகு வைத்த நாற்காலிகள், மேசை மேல் இறகுப் பேனா. பார்த்ததும் இவ்வளவு சின்ன அறையா என்றுதான் தோன்றும். 1776இல் பிரகடனமும் 1787இல் அரசியல் சட்டமும் இதே அறையில்தான் உருவாயின. நடுவில் பிரிட்டிஷ் படை ஊரைப் பிடித்து வைத்திருந்ததில் பழைய சாமான்கள் போய்விட்டன, அதனால் இப்போது இருக்கும் மேசை நாற்காலிகள் அந்தக் காலத்தைச் சேர்ந்தவைதான் என்றாலும் அதே அறையில் இருந்தவை இல்லை. ஒன்று மட்டும் நிஜமானது, எதிரே மேடையில் இருக்கும் உயரமான நாற்காலி. 1787 கோடை முழுவதும் ஜார்ஜ் வாஷிங்டன் அதில் உட்கார்ந்துதான் கூட்டத்தை நடத்தினார். முதுகுப் பலகையின் உச்சியில் பாதிச் சூரியன் செதுக்கியிருக்கும். அது உதிக்கிற சூரியனா, மறைகிற சூரியனா என்று கூட்டம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன், உதிக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது என்று கடைசி நாளில் பெஞ்சமின் பிராங்க்ளின் சொன்னதாக, அந்தக் கூட்டத்தில் இருந்த மேடிசன் குறித்து வைத்திருக்கிறார். அறைக்குள் நேரம் கொஞ்சம்தான் கிடைக்கும், போட்டோ எடுப்பதைச் சீக்கிரம் முடித்துவிட்டு அந்தச் சூரியனைத் தேடிப் பாருங்கள்.

வெளியே வந்ததும் போய்விடாதீர்கள். பக்கத்திலேயே காங்கிரஸ் ஹால், 1790 முதல் 1800 வரை அமெரிக்க நாடாளுமன்றம் கூடிய கட்டடம். பின்னால் இருக்கும் சதுக்கத்தில்தான் 1776 ஜூலை 8 அன்று பிரகடனத்தை முதன்முதலாக மக்கள் முன் வாசித்தார்கள். இப்போது அங்கே மர நிழலில் பெஞ்சுகள், உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

மணியும் அதன் வாசலும்

தெருவைக் கடந்தால் லிபர்ட்டி பெல். டிக்கெட் இல்லை, வரிசை மட்டும்தான். மணி முன்னால் நின்றதும் அப்பா, "இவ்வளவு பேர் இருந்தும் இந்த விரிசலை ஒட்ட முடியலையாப்பா?" என்று கேட்டார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை, பிறகுதான் படித்தேன். நாம் பார்க்கும் அந்த அகலமான பிளவு விரிசல் இல்லை, பழுது பார்த்த தடம். முன்பே இருந்த மெல்லிய விரிசலின் இரண்டு ஓரமும் உரசிக்கொண்டு ஒலி கெடாமல் இருக்க, 1846இல் வாஷிங்டன் பிறந்த நாளுக்கு அடிப்பதற்காக அதைத் துளையிட்டு அகலப்படுத்தினார்கள். கிட்டே குனிந்து பார்த்தால் ஓரத்தில் துளைக் கருவி பட்ட தடங்கள் பல் வரிசை போலத் தெரியும். அந்தப் பழுதும் நிற்கவில்லை. பிளவின் மேல் முனையிலிருந்து மயிரிழை போல இன்னொரு விரிசல் கிளம்பி லிபர்ட்டி என்ற சொல்லின் ஊடாகவே மேலே போகிறது, அதுதான் மணியை நிரந்தரமாக அடக்கியது. அதையும் தேடிப் பாருங்கள். பென்சில்வேனியா என்ற இந்த மாநிலத்தின் பெயரை அந்தக் கால வழக்கப்படி ஒரு என் எழுத்தைக் குறைத்து வார்த்திருப்பதும் கண்ணில் படும். லண்டனில் வார்த்து 1752இல் வந்து, முதல் சோதனை அடியிலேயே உடைந்து, பாஸ், ஸ்டோ என்ற இரண்டு உள்ளூர்க்காரர்கள் உருக்கி மறுபடி வார்த்த மணி இது, அவர்கள் பெயரும் அதிலேயே இருக்கிறது. லிபர்ட்டி பெல் என்ற பெயரை 1830களில் பரப்பியவர்கள் அடிமை முறையை எதிர்த்துப் போராடியவர்கள், அதற்கு முன் அது வெறும் ஸ்டேட் ஹவுஸ் (இன்டிபென்டன்ஸ் ஹாலின் பழைய பெயர்) மணி.

அதனால்தான் அடுத்த இடத்தைத் தவறவிடாதீர்கள் என்கிறேன். மணிக் கூடத்துக்குப் பக்கத்தில், ஆறாவது தெருவும் மார்க்கெட் தெருவும் சேரும் முனையில், கூரை இல்லாத செங்கல் சுவர்கள் நிற்கும். பெரும்பாலானவர்கள் அதைத் தாண்டி வரிசைக்கு ஓடிவிடுகிறார்கள். வாஷிங்டனும் ஆடம்ஸும் ஜனாதிபதியாக வாழ்ந்த வீடு இருந்த இடம் அது. வாஷிங்டன் தன் வீட்டில் ஒன்பது பேரை அடிமைகளாக இங்கே வைத்திருந்தார். ஆறு மாதம் தொடர்ந்து தங்கினால் விடுதலை கேட்கலாம் என்று பென்சில்வேனியாவின் 1780ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னதால், ஆறு மாதம் நிறைவதற்குள் அவர்களை மாநிலத்துக்கு வெளியே அனுப்பித் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். 1796 மே மாதத்தில் ஒரு நாள், குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண் வெளியே நடந்தவர் திரும்பவே இல்லை, கப்பலேறி நியூஹாம்ப்ஷயர் போய்ச் சேர்ந்தார். ஆள் அனுப்பித் தேடியும் கடைசி வரை பிடிக்க முடியவில்லை. மண்ணுக்கு அடியில் கிடைத்த அந்த வீட்டின் அஸ்திவாரத்தைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். மணியைப் பார்த்த பிறகு அங்கே பத்து நிமிடம் நில்லுங்கள்.

மதியச் சாப்பாடு

மார்க்கெட் தெருவில் ஆறு தெரு மேற்கே நடந்தால் ரீடிங் டெர்மினல் மார்க்கெட், 1893இல் ரயில் நிலையத்துக்கு அடியில் தொடங்கிய சந்தை. இறைச்சி சாப்பிடுபவர்களுக்கு மாட்டிறைச்சியும் சீஸும் வைத்த சீஸ்ஸ்டேக், பன்றி ரோஸ்ட் சாண்ட்விச். ஒன்று 15 டாலர் அளவில் வரும், அளவு பெரிது, இரண்டு பேருக்கு ஒன்று வாங்கினாலே வயிறு நிறையும். சைவம் என்றால் ஆமிஷ் மக்கள் (பழைய வாழ்க்கை முறையை விடாத கிறிஸ்தவச் சமூகம்) நடத்தும் பிரெட்ஸல் கடைக்குப் போங்கள். மாவைக் கயிறு போல உருட்டி, ஒரே வீச்சில் முறுக்கி, அடுப்பிலிருந்து எடுத்த சூட்டில் வெண்ணெய் தடவிக் கையில் தருவார்கள். அந்தப் பெண்களின் கை வேகத்தைப் பார்க்கவே நிற்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஆமிஷ் கடைகள் திறக்காது, அதை வைத்து நாளைத் திட்டமிடுங்கள். சோறு, நூடுல்ஸ் வேண்டுமானால் சந்தைக்குப் பின்னாலேயே சைனாடவுன், சுத்த சைவக் கடைகளும் உண்டு. காலை உணவுக்கு வாவா என்ற கடையில் காபியும் ஹோகி என்ற நீள சாண்ட்விச்சும், திரையில் தொட்டு இறைச்சி இல்லாமல் கேட்டு வாங்கலாம். மேசையில் உட்கார வைத்துப் பரிமாறும் கடைக்குப் போனால் பில்லோடு 8 சதவீத வரி, அப்புறம் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் என்று கணக்குப் போட்டுவிட்டு உட்காருங்கள்.

மதியமும் மாலையும் (வார நாள் என்றால் ஒரு கூடுதல் இடம்)

திங்கள் முதல் வெள்ளி வரை என்றால் நாணயச் சாலை திறந்திருக்கும், இலவசம். மேலே கண்ணாடி நடைபாதையில் நின்றபடி கீழே காசுகள் அச்சாகிக் கொட்டுவதைப் பார்க்கலாம், குழந்தைகளை நகர்த்துவது கஷ்டம். போட்டோ எடுக்க அனுமதி இல்லை.

அங்கிருந்து ஐந்தாவது தெருவும் ஆர்ச் தெருவும் சேரும் மூலைக்கு இரண்டு நிமிடம். அங்கே கல்லறைத் தோட்டத்தின் மதிலில் ஓரிடத்தில் செங்கல்லுக்குப் பதில் இரும்புக் கம்பி, அதன் வழியாகவே பிராங்க்ளின் கல்லறை தெரியும், மேலே யாரோ போட்ட ஒரு சென்ட் காசுகள் கிடக்கும். உள்ளே போகக் கட்டணம் உண்டு, கம்பி வழியாகப் பார்ப்பதே போதும். ஆர்ச் தெருவிலேயே ஆற்றை நோக்கி நடந்தால் எல்ஃப்ரெத்ஸ் ஆலி. 32 வீடுகள், மிகப் பழையவை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை, இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். தெருவில் நடக்கக் காசில்லை. மாலை வெயில் செங்கல்லில் விழும் நேரம் அழகு. ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள், அது அவர்கள் வீடு.

வழியில் செஸ்ட்நட் தெருவில் கார்பென்டர்ஸ் ஹால் திறந்திருந்தால் நுழைந்துவிடுங்கள், 1774இல் காலனிகளின் பிரதிநிதிகள் சேர்ந்த முதல் கண்டக் காங்கிரஸ் கூடியது அங்கே, அதுவும் இலவசம். திங்கட்கிழமை இருக்காது. கால் வலி இல்லாவிட்டால் பெஞ்சமின் பிராங்க்ளின் பாலத்தின் நடைபாதையில் ஏறுங்கள். 1926இல் திறந்த பாலம், நடுவில் நின்றால் ஆறும் ஊரும் முழுசாகத் தெரியும்.

இரண்டாம் நாள்

சிட்டி ஹாலில் தொடங்குங்கள். உச்சியில் நிற்கும் வில்லியம் பென் சிலை மட்டுமே 37 அடி. பென்னின் தொப்பியைவிட உயரமாக எதையும் கட்டக் கூடாது என்று எழுதாத ஒப்பந்தம் ஒன்று இருந்து, 1987இல்தான் உடைந்தது. முற்றம் வழியாக நடந்து மறுபக்கம் வந்தால் மரங்கள் அடர்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின் பார்க்வே. வழியில் மத்திய நூலகத்தின் மூன்றாவது மாடியில் அரிய நூல் பிரிவு இருக்கிறது, அங்கே சார்லஸ் டிக்கன்ஸ் வளர்த்த கிரிப் என்ற அண்டங்காக்கையைப் பாடம் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். இலவசம், கூட்டமே இருக்காது. ரோடின் அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் சிந்தனையாளன் சிலையைப் பார்க்கவும் காசில்லை.

பார்க்வே முடியும் இடத்தில் கலை அருங்காட்சியகம், அதன் 72 படிகளில் ஏறி ஊரைத் திரும்பிப் பார்க்க யாரும் பணம் கேட்பதில்லை. உள்ளே போகக் கட்டணம் பெரியவர்களுக்கு அதிகம்தான், ஆனால் வெள்ளிக்கிழமை மாலையும் மாதத்தின் முதல் ஞாயிறும் நீங்கள் விரும்பியதைக் கொடுத்து நுழையலாம். ஒரு ஆளுக்கு ஐந்து டாலர் கொடுத்தாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. பயணத்தை வெள்ளி, சனி என்று வைத்தால் இது தானாகவே பொருந்திவிடும். பின்பக்கம் இறங்கினால் பழைய நீரேற்று நிலையமும் ஸ்கூகில் ஆறும். எழுத்தைப் பார்த்து வேறு மாதிரி உச்சரிக்காதீர்கள், ஊர்க்காரர்கள் ஸ்கூகில் என்றுதான் சொல்வார்கள்.

பணம் கொடுத்துப் பார்க்க ஒரே ஒரு இடம் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறையைச் சொல்வேன். கைதிகளைத் தனிமையில் வைத்தால் மனம் திருந்துவார்கள் என்று நம்பிக் கட்டி 1829இல் திறந்தது. உதிர்ந்த சுவரும் கூரையில் ஒற்றைக் கண் போன்ற ஜன்னலும் உள்ள அறைகளுக்குள் நின்றால் அந்த நம்பிக்கை என்ன செய்தது என்று புரியும். கலை அருங்காட்சியகத்திலிருந்து நடந்தே போகலாம். மேல் மாடியில் கூரை இல்லாத சுற்றுலா பஸ், பல இடங்களுக்குச் சேர்த்து விற்கும் பாஸ், இவை எதுவும் வேண்டாம், இந்த ஊரில் முக்கியமானவற்றுக்குப் பெரும்பாலும் கட்டணமே இல்லை. துணி, செருப்பு வாங்க நினைத்திருந்தால் இங்கே வாங்குங்கள், பென்சில்வேனியாவில் அவற்றுக்கு விற்பனை வரி கிடையாது.

செலவுக் கணக்கு

மனைவியோடு ஒரு நாள் போய் வந்ததில் எங்கள் இருவருக்கும் பஸ் போக வர 76 டாலர், ஊருக்குள் வண்டி 12, ஹால் டிக்கெட் 2, மூன்று வேளைச் சாப்பாடு 58. மொத்தம் 148 டாலர். தங்கினால் இதோடு அறை வாடகையும் அடுத்த நாள் சாப்பாடும். தனியாகப் போனபோது ஹாஸ்டல் படுக்கையோடு இரண்டு நாளும் 170 டாலருக்குள் முடிந்தது.

தங்குபவர்களுக்கு இரவுக்கு ஒன்று. சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது செஸ்ட்நட் தெரு வழியாக வாருங்கள். மணிக் கூடம் மாலை 5 மணிக்கு மூடியிருக்கும், ஆனால் தெருப் பக்கம் பெரிய கண்ணாடி. பகலில் தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்த அதே மணி விளக்கு வெளிச்சத்தில் தனியாகத் தொங்கும், எதிரே இன்டிபென்டன்ஸ் ஹால் கோபுரத்தில் கடிகாரம் எரியும். நான் போன இரவு அங்கே இன்னும் ஒரே ஒருவர்தான் இருந்தார், நாயைக் கூட்டிக்கொண்டு நடக்க வந்த ஊர்க்காரர்.